ஒன்பதாவது பாட்டு: மயிலாப்பூரில் ஐந்து நாள்

முதல் நாள்

காலையில் எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸை விட்டு இறங்கும்போதே வெயில் தொடங்கிவிட்டது. என்னோடு வந்திருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அம்மா, நெல்லையப்பர் கோயில் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், திருநீறு பூசாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். இன்னொருவர் என் மாமியார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரிக்காரர், நெற்றியில் சிவப்புத் திருச்சூர்ணம். என் மனைவி ஆசிரியை. பங்குனியில் பள்ளித் தேர்வு வேலை இருப்பதால் வர முடியவில்லை. "நீங்களாவது கூட்டிட்டுப் போய் அறுபத்துமூவரைக் காட்டிட்டு வாங்க" என்று அனுப்பி வைத்தாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். 14 வருஷத்துச் சம்பந்தம். ஆனாலும் சேர்ந்து கோயிலுக்குப் போனதில்லை. எங்கள் கல்யாணத்தில் என் பக்கத்துப் பெரியவர் ஒருவர், 'நாமக்காரங்க வீட்டுப் பந்தியில உட்கார மாட்டேன்' என்று சொல்லி, சாப்பிடாமலே எழுந்து போனார். அந்த வலி அத்தைக்கு இன்னும் இருக்கிறது. அம்மாவுக்கோ அதை நினைத்தாலே வெட்கம். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. இந்தப் பயணத்தை நான் விரும்பியதற்கு அது ஒரு காரணம்.

மந்தைவெளியில் தம்பி வீடு. குளித்து, சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் கபாலீஸ்வரர் கோயிலுக்கு நடந்தோம். மெட்ரோ வேலைக்காக அங்கங்கே அடைத்திருக்கும் தகரத்தைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. பங்குனிப் பெருவிழாவில் இன்று ஐந்தாம் நாள். அம்மா நேராகப் பூம்பாவை சன்னதிக்குப் போய் உட்கார்ந்து பதிகத்தைத் தொடங்கினார்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மயிலை வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்துபோகிறாள். சாம்பலைக் குடத்தில் எடுத்து வைக்கிறார் தகப்பனார். பின்பு சம்பந்தர் வருகிறார். குடத்தைக் கொண்டுவந்து வைக்கச் சொல்லிப் பாடுகிறார், 'மட்டிட்ட புன்னையங் கானல் மடமயிலை' என்று. நீ இந்தத் திருவிழாவைப் பார்க்காமலே போகலாமா, அந்தத் திருவிழாவைப் பார்க்காமலே போகலாமா என்று ஒவ்வொரு பாட்டிலும் அவளைக் கேட்கிறார். இறந்த பெண்ணைக் கூப்பிடுவதற்குச் சொர்க்கத்தையோ முக்தியையோ காட்டவில்லை. ஊர்த் திருவிழாவைக் காட்டுகிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று வரிசையாக வரும். எனக்குத் தேவாரத்தில் மிகப் பிடித்த பதிகம் இதுதான்.

அத்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஐப்பசி ஓணமா?" என்று நடுவில் மெதுவாகக் கேட்டார். "அது எங்க பொய்கையாழ்வார் நட்சத்திரம்லா." அம்மா பாடிக்கொண்டே தலையாட்டினார்.

பதிகத்தில் மொத்தம் 11 பாட்டு. நான் சின்ன வயதிலிருந்து கேட்பதால் ஒவ்வொரு வரியும் அத்துபடி. எட்டாவது முடிந்ததும் அம்மா ஒரு நொடி நிறுத்தினார். அப்புறம் நேராகப் பத்தாவதுக்குப் போய்விட்டார்.

ஒன்பதாவது பாட்டு இப்படித் தொடங்கும்: 'நற்றா மரைமலர் நான்முகனும் நாரணனும் உற்றாங் குணர்கிலா மூர்த்தி'. பிரமனும் நாராயணனும் தேடியும் அறிய முடியாத சிவன் என்று பொருள். சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் ஒன்பதாவது இடத்தில் இந்தச் செய்திதான் வரும். பக்கத்தில் அத்தை இருப்பதால் அம்மா விட்டுவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு வெகுநேரம் விழித்திருந்து, வெள்ளி ரிஷபத்தில் கபாலி வருவதைப் பார்த்தோம். இப்போது எழுதுவதற்கே கண் சொருகுகிறது.

இரண்டாம் நாள்

இன்று அத்தையின் நாள். ஆட்டோவில் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலுக்குப் போனோம்.

108 திவ்ய தேசங்களில் ஒன்று இது. பேயாழ்வார், திருமழிசையாழ்வார், திருமங்கையாழ்வார் மூவரும் பாடிய தலம். பல்லவ மன்னன் தந்திவர்மன் கல்வெட்டு இருக்கிறது என்பதிலிருந்தே பழமை தெரியும். மூலவர் வேங்கடகிருஷ்ணன் பெரிய மீசையோடு, ருக்மிணி, பலராமன், சாத்யகி, பிரத்யும்னன், அநிருத்தன் என்று குடும்பமாக நிற்கிறார். கையில் சக்கரம் இல்லை. பாரதப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று சொன்ன வாக்குக்காக. உற்சவர் பார்த்தசாரதியின் முகத்தில் இருக்கும் வடுக்கள் பீஷ்மரின் அம்பு பட்டவை என்று சொல்வார்கள். அர்ச்சுனனுக்குத் தேரோட்டும்போது வாங்கிய காயத்தை இன்னும் முகத்தில் வைத்திருக்கிறார். அம்மா அதைக் கேட்டதும் ஒரு தாயைப் போல "ஐயோ" என்றார்.

சன்னதிக்கு வெளியே உட்கார்ந்து அத்தை திருமங்கையாழ்வாரின் பாசுரத்தைச் சொன்னார். 'விற்பெரு விழவும் கஞ்சனும் மல்லும் வேழமும் பாகனும் வீழ' என்று தொடங்கி, அடுத்த அடியில் 'புரமெரி செய்த சிவனுறு துயர்களை தேவை' என்று வந்தது. முப்புரம் எரித்த சிவனுக்கே வந்த துன்பத்தைத் தீர்த்த தெய்வம் என்று அர்த்தம். அத்தை அந்த அடியை விடவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. 'திருவல்லிக் கேணிக் கண்டேனே' என்று முடிக்கும்போது அவருக்குக் கண் நிறைந்திருந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். முகம் சற்று வாடியிருந்தது. வெளியே வந்து தெப்பக்குளத்தருகே உட்கார்ந்ததும் கேட்டேவிட்டார்.

"மதினி, சிவனுக்கு என்ன துயரம்?"

"பிரமன் தலையைக் கிள்ளினார்ல, அந்தக் கபாலம் கையில ஒட்டிக்கிட்டுது. பெருமாள்தான் அதை விழ வச்சார்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்தக் கபாலத்தை ஏந்தியதால்தானே மயிலாப்பூரில் அவர் கபாலி! அங்கே அது வெற்றிச் சின்னம். இங்கே அது தீர வேண்டிய பழி. சுமார் 3 கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே மண்டையோட்டுக்கு இரண்டு கதை. இரண்டு ஊரும் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகத் தம் கதையை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒன்றை விட்டு ஒன்று விலகிப் போகவும் இல்லை.

"நேத்து நான் ஒரு பாட்டை விட்டுட்டுப் பாடினேன்" என்றார் அம்மா. "உங்க நாரணன் பேரு அதுல வரும். உங்க மனசு நோகக் கூடாதுன்னு."

அத்தையின் முகம் மாறிவிட்டது. கோபம்தான். "எதுக்கு விட்டீங்க? உங்க சாமிக்கு உள்ளதை எனக்காகக் குறைப்பீங்களா? நான் எங்க ஆழ்வார் சொன்னதை உங்களுக்காகக் குறைச்சேனா?"

இதை எழுதும்போதுகூட அந்தக் குரல் காதில் இருக்கிறது. மத ஒற்றுமை என்று பேசும்போது நாம் வழக்கமாகச் செய்வது அம்மா செய்ததைத்தான். உறுத்துகிற பாட்டை விட்டுவிட்டு, எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லி எழுந்துவிடுவோம். அத்தைக்கு அது மரியாதையாகப் படவில்லை. தன்னை அந்நியராக வைத்துவிட்டதாகப் பட்டிருக்கிறது.

மாலையில் மயிலாப்பூர் திரும்பி, ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கும் அருண்டேல் தெருவில் பேயாழ்வார் அவதரித்த கிணற்றுக்கும் போனோம். இந்தக் கிணற்றில் செவ்வல்லிப் பூவில் தோன்றியவர் என்பது ஐதீகம். ஒரு மழை இரவில் திருக்கோவலூரில் சின்ன இடைகழியில் ஒருவர் படுக்க, இருவர் உட்கார, மூவர் நிற்கத்தான் இடம் இருந்ததே, அந்த மூன்றாமவர். கபாலி கோயிலுக்கு இவ்வளவு பக்கத்தில் பிறந்த ஆழ்வார் திருமலையைப் பார்த்து என்ன பாடினார் தெரியுமா?

'தாழ்சடையும் நீள்முடியும் ஒண்மழுவும் சக்கரமும்
சூழரவும் பொன்நாணும் தோன்றுமால் – சூழும்
திரண்டருவி பாயும் திருமலைமேல் எந்தைக்கு
இரண்டுருவும் ஒன்றாய் இசைந்து.'

சடை இருக்கிறது, முடி இருக்கிறது. மழு இருக்கிறது, சக்கரம் இருக்கிறது. பாம்பும் இருக்கிறது, பொன் அரைஞாணும் இருக்கிறது. எதையும் கழிக்கவில்லை. அத்தை இதைச் சொல்லி முடித்ததும் அம்மா உடனே அப்பரை எடுத்தார்: 'அரியலால் தேவியில்லை ஐயன் ஐயாறனார்க்கே'. திருவையாற்றுப் பெருமானுக்கு அரியே தேவி, வேறு தேவி இல்லை. அத்தை முதல் முறையாக இதைக் கேட்கிறார். "அப்பரா இப்படிச் சொன்னார்? இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

அடுத்து நடந்ததையும் எழுத வேண்டும். பக்கத்திலேயே வேதாந்த தேசிகர் கோயில். உள்ளே போகலாம் என்று நான் சொன்னதும் அத்தை தயங்கி நின்றுவிட்டார். அவர்கள் தென்கலை, நாமத்துக்கு மூக்கின்மேல் பாதம் உண்டு. இது வடகலைக் கோயில்; பாதம் இல்லாத நாமம். குட்டியைத் தாய்ப்பூனை கவ்விக் கொண்டுபோவதுபோல இறைவனே காப்பான் என்பது தென்கலை. தாய்க்குரங்கைக் குட்டி பற்றிக்கொள்வதுபோல நம் பக்கத்து முயற்சியும் கொஞ்சம் வேண்டும் என்பது வடகலை. இதற்காகக் கோர்ட் படியேறிய ஊர்கள் உண்டு. "உங்களுக்குள்ளேயுமா மதினி?" என்று அம்மா வியந்துபோனார்.

நான் ஒன்று சொன்னேன். 1323இல் டில்லி சுல்தானின் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது அங்குள்ள உற்சவர் நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, வழியிலேயே உயிரை விட்டவர் தென்கலையார் கொண்டாடும் பிள்ளை லோகாசாரியார். அதே நாட்களில் ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு உரையான சுருதப்பிரகாசிகையைக் காப்பாற்றியவர் தேசிகர். ஒருவர் பெருமாளைக் காத்தார், ஒருவர் நூலைக் காத்தார். அத்தைக்கு இது தெரிந்த கதைதான். ஒரு நிமிஷம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

மூன்றாம் நாள்

காலையில் தேர். கூட்டத்தில் அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்துவிட்டதால் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டதோடு திரும்பினோம். நீர்மோர் குடித்து ஓய்வெடுத்து, பிற்பகலில் பூக்கடை.

தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீஸ்வரரும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். பட்டணம் கோயில் என்பார்கள். பழைய பெருமாள் கோயில் இன்றைக்கு உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கத்தில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்த காலத்தில், கோட்டைக்குப் பாதுகாப்பு என்று சொல்லிக் கிழக்கிந்தியக் கம்பெனி அதை 1757 வாக்கில் இடித்துவிட்டது. மாற்று இடம் கொடுத்ததும் மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று எடுப்பித்தார். அப்படி எழுந்தவைதான் இந்த ஜோடிக் கோயில்கள். புரட்டாசியில் திருப்பதிக்குப் போகும் திருக்குடைகள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. இருவரும் ஆளுக்கொரு வாசலில் நுழையாமல் இரண்டிலும் சேர்ந்தே போனார்கள். அதை நான் கவனித்தேன், சொல்லவில்லை.

அங்கிருந்து கந்தகோட்டம் முருகன் கோயில். ஏழுகிணறு வீராசாமி தெருவில் வளர்ந்த வள்ளலார் சின்ன வயதில் வந்து நின்று தெய்வமணிமாலை பாடிய சன்னதி. 'ஒருமையுடன் நினது திருமலரடி நினைக்கின்ற உத்தமர்தம் உறவு வேண்டும்' என்று எல்லாரும் பாடுகிறோம். அதே பாட்டில் 'மதமான பேய் பிடியாதிருக்க வேண்டும்' என்ற அடியும் இருக்கிறது. வள்ளலார் முருகனைப் பாடினார், திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பாடினார், திருவள்ளூர் வீரராகவப் பெருமாளையும் பாடினார். கடைசியில் 1873இல் பேருபதேசம் என்ற உரையில், சைவத்தில் தமக்கிருந்த பெரும் பற்றையும் விட்டுவிட்டதாகச் சொன்னார். சமயம், சாத்திரம், கோத்திரம் எல்லாவற்றையும் தாண்டி ஒளி ஒன்றே போதும் என்று வடலூருக்குப் போனவர் அவர். பசித்தவருக்குச் சோறு போட்டதே அவர் காட்டிய சமயம்.

அவர் சொல்வது சரி என்று என் அறிவு சொல்கிறது. ஆனால் அம்மாவிடமிருந்து திருநீற்றையும் அத்தையிடமிருந்து திருமண்ணையும் எடுத்துவிட்டால் அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு கடவுளிடம் போவார்கள்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. கந்தகோட்டத்துக் குளக்கரையில் இதையே நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள்

அறுபத்துமூவர்.

காலையில் குளத்துப் பக்கம் பூம்பாவையை உயிர்ப்பிக்கும் நிகழ்ச்சி. ஓதுவார் பதிகம் பாடும்போது கூட்டத்தில் பாதிப் பேர் கூடவே பாடுகிறார்கள். அம்மாவும் பாடினார். எட்டாவது முடிந்தது. எனக்கு நெஞ்சு படபடத்தது. அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு 'நற்றா மரைமலர் நான்முகனும் நாரணனும்' என்று முழுக்குரலில் பாடினார். 'பொற்றாப்புக் காணாதே போதியோ பூம்பாவாய்' என்று முடியும்போது அத்தையும் கடைசி அடியில் சேர்ந்துகொண்டார். எனக்குப் பாட முடியவில்லை. தொண்டை அடைத்துவிட்டது.

பத்தாவது பாட்டு சமணரையும் பௌத்தரையும் பழிப்பது. அது எனக்கு உறுத்தத்தான் செய்தது. இதே மயிலையில் சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதருக்கும் கோயில் இருந்தது. திருநூற்றந்தாதி என்ற நூல் அவர்மேல் பாடியதுதான். ஒன்பதாவது பாட்டை 'விடாதீங்க, பாடுங்க' என்று சொல்ல அத்தை இருக்கிறார். இந்தப் பத்தாவது பாட்டுக்கு அப்படி உரிமையோடு பதில் சொல்ல மயிலைச் சமணர் யாரும் இன்று அம்மாவின் பக்கத்தில் நிற்கவில்லை.

பிற்பகல் மாட வீதிகளில் ஊசி போட்டால் கீழே விழாது. தெருவெல்லாம் பந்தல். பானகம், மோர், சாம்பார் சாதம், விசிறி என்று கேட்காமலே கையில் திணிக்கிறார்கள். முன்னால் பிள்ளையார், அப்புறம் கபாலி வெள்ளி விமானத்தில், கற்பகாம்பாள், சிங்காரவேலர், சண்டிகேசுவரர். நாயன்மார்கள் பல்லக்குகளில் கைகூப்பியபடி. வேடர் கண்ணப்பர், மீனவர் அதிபத்தர், சலவைத் தொழிலாளி திருக்குறிப்புத்தொண்டர், பாணர் திருநீலகண்டர், பேயுருவம் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையார், அரசர்கள், அந்தணர்கள். ஒரே வரிசையில் அத்தனை பேரும். நந்தனார் வந்தபோது அத்தை, "எங்க திருப்பாணாழ்வார் மாதிரி" என்று கும்பிட்டார். அந்த இரண்டு பேரையும் கோயில் வாசலில் நிறுத்தி வைத்ததும் இதே சமயங்கள்தான். அதை மறந்துவிட்டுக் கைகூப்ப எனக்கு மனம் வரவில்லை, மறக்காமல் கூப்பினேன்.

மயிலையின் சொந்த நாயனார் வாயிலார். வாய் திறந்து ஒரு பாட்டுகூடப் பாடாதவர். 'மறவாமையால் அமைத்த மனக்கோயில்' என்று சேக்கிழார் சொல்கிறார். மறக்காமல் இருப்பதையே கல்லாக வைத்துக் கட்டிய கோயில்! அவர் பல்லக்கு வந்தபோது எங்கள் பக்கத்தில் இருந்த பூக்காரப் பெண்மணி ஒரு கை பூவை அப்படியே வீசினார்.

ஊர்வலத்தில் கோலவிழி அம்மனும் முண்டகக்கண்ணி அம்மனும் வருகிறார்கள், திருவள்ளுவரும் வாசுகியும் வருகிறார்கள். இந்தப் பெருவிழா தொடங்குவதே கிராம தேவதையான கோலவிழி அம்மனுக்குப் பூஜை செய்த பிறகுதான். ஊர் எல்லைக்காரியிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் கபாலியே கொடியேற்றுகிறார்.

ஐந்தாம் நாள்

காலையில் ராமகிருஷ்ண மடம். 1897இல் சுவாமி ராமகிருஷ்ணானந்தர் தொடங்கியது. இப்போதைய சர்வசமயக் கோயில் 2000 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அப்படி ஒரு அமைதி. அரைமணி நேரம் உட்கார்ந்தோம். அத்தைக்கு மிகவும் பிடித்தது. அம்மா, "நல்லாருக்கு, ஆனா நான் யாரைக் கூப்பிடன்னு தெரியல" என்றார்.

பிறகு முண்டகக்கண்ணி. எவ்வளவு பெரிய கோயிலானாலும் அம்மன் தலைக்கு மேலே கீற்றுக் கூரைதான். வளாகத்தில் பெண்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள், கண்ணில் புகை. இங்கே இருவருக்கும் எந்தக் கேள்வியும் இல்லை. திருநீறும் மஞ்சளும் வேப்பிலையும் வாங்கிக்கொண்டு ஊர்க்கோயிலுக்கு வந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்போது ரயிலில் இருந்து எழுதுகிறேன். நாளை பங்குனி உத்திரம், குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போயாக வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்தில் சைவர், வைணவர் எல்லாருக்கும் நாளைக்குச் சாஸ்தாதான். அவர் ஹரிஹரபுத்திரன் வேறு. எங்கள் சாஸ்தா ஒரு பக்கம், அத்தை வீட்டுச் சாஸ்தா இன்னொரு பக்கம். இறங்கியதும் பிரிந்துவிடுவார்கள்.

தாம்பரம் தாண்டியதும் அத்தை தொடங்கினார். "பேயாழ்வார் 'எந்தைக்கு'ன்னுதான் சொல்லியிருக்கார் மதினி. எங்க பெருமாளுக்குத்தான் ரெண்டு உருவமும். அவர்தான் சடையும் வச்சுக்கிட்டு நிக்கார்."

"அதெப்படி? சடையும் மழுவும் யாருக்கு உள்ளது? அப்போ எங்க ஐயாறனுக்குத் தேவி யாரு?"

"தேவின்னா கூட இருக்கிறவதானே. ஆளுறது யாரு?"

எதிர் இருக்கைக்காரர் விளக்கை அணைக்கலாமா என்று கேட்டார். அணைத்தோம். செங்கல்பட்டு வந்தும் இருட்டில் இரண்டு குரலும் ஓயவில்லை. "நாளைக்குப் பொங்கல் வச்சதும் ஒரு தூக்குல கொடுத்து விடுங்க" என்று அம்மா சொன்னார். "விடுதேன். ஆனா இதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை" என்றார் அத்தை.